பதினொண்ணு குடுக்குது மாமா!

மாமனாரிடம் பொய் சொல்லாத மாப்பிள்ளை உலகத்தில் கிடையாது. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். சிகரெட்டைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். எனக்கு இரண்டுக்கும் வழியில்லை. சம்பளமே கிடையாது (எழுதினால்தான் காசு), சிகரெட்டும் கிடையாது. நான் சொன்னது மைலேஜ் பொய்.

"வண்டி எவ்வளவு குடுக்குதுங்க மாப்ளே?"

"பதினொண்ணு குடுக்குது மாமா."

கோத்தகிரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, போனில், ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு இந்த வசனம் ஒரு வருஷம் ஓடியது. வண்டி கொடுத்தது எட்டு.

வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டக்காரர். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 3 கிலோமீட்டர் மண் ரோடு. மழை பெய்தால் அது ரோடு இல்லை, களி. அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் வேண்டும். மலை ஏற டீசல்தான் என்பது அவர் தலைமுறையின் மத நம்பிக்கை. இந்த மூன்றையும் கூட்டினால் 2010-ல் கிடைத்தது: 3 லிட்டர் டீசல் இஞ்சின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், எடை 2 டன். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வண்டி யானை மாதிரி நல்ல வண்டி. யானை மாதிரியே சாப்பிடும்.

2023-ல் மாமாவுக்கு லேசாக ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்தின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் சாவியை என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு பழைய பாங்க் டைரி. "இது வண்டியோட ஜாதகமுங்க மாப்ளே" என்றார். நான் அதை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு மறந்து போனேன்.

மாதம் ஒரு தடவை அவரைக் கோயமுத்தூருக்குச் செக்கப் கூட்டிப் போவது என் டிபார்ட்மெண்ட். அந்த மண் ரோட்டில் வாடகைக் கார்கள் வர மறுக்கின்றன. 'வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் வரலாமே' என்று கேட்கப் போகும் புத்திசாலி வாசகருக்கு: மனைவி, இரண்டு பிள்ளைகள், போகும்போது அத்தை கேட்ட மாம்பலம் சாமான்கள், வரும்போது காரட், பீன்ஸ், டீத்தூள் மூட்டை. மாதாமாதம் நாலு பெர்த் வாங்கித் தர முடிந்தால் எழுதுங்கள்.

ஆக, போக வர சில்லறைச் சுற்றல்கள் உள்பட மாதம் 1,200 கிலோமீட்டர். 2024 மார்ச்சில் டீசலுக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும் சென்னையில் லிட்டர் 92 ரூபாய் சொச்சம். தொண்ணூற்றிரண்டரை என்று வைத்துக்கொண்டால், 8.1 மைலேஜுக்கு 148 லிட்டர், 13,700 ரூபாய். நான் பி.காம். படித்தவன். 13,700 என்ற எண் ராத்திரி கனவில் வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது. போதாததற்கு 2025-ல் வண்டிக்குப் பதினைந்து வயசு நிறைகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000 ரூபாய், எஃப்.சி. காட்டும் செலவு தனி.

ஒரு பழைய கார் புரோக்கர் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றி, டயரை உதைத்து (ஏன் உதைக்கிறார்கள்? எந்த டயராவது இதுவரை பதில் சொல்லியிருக்கிறதா?) மூன்றே கால் லட்சம் என்றார். மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"வித்துடலாம்ங்க. ஆனா அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தாள்.

கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விற்க முடியாது, ஓட்டவும் முடியாது என்றால் மனிதன் என்ன செய்வான்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து 'மைலேஜைக் கூட்டுவது எப்படி' என்று தேடுவான். தேடினேன். டீசல் பைப்பில் மாட்டும் ஒரு காந்தம், விலை 1,499. காந்தசக்தி டீசலின் மூலக்கூறுகளை வரிசையில் நிற்க வைக்குமாம், ரேஷன் கடை மாதிரி. 25 சதவிகிதம் மிச்சம் உறுதி. மாட்டினேன். அடுத்த டாங்க்கும் 8.1. பிறகுதான் படித்தேன்: அமெரிக்காவில் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி இந்த மாதிரி எண்ணெய் மிச்சக் கருவிகளை நூற்றுக்கும் மேல் பரிசோதித்துப் பார்த்துவிட்டது. மைலேஜைச் சொல்லிக்கொள்ளும்படி கூட்டுகிற ஒன்றுகூட அகப்படவில்லை. காந்தம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1,499-ஐ வாராக் கடனில் எழுதிவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடப் போன இடத்தில்தான் அந்தப் பாங்க் டைரி கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். நின்றுவிட்டேன்.

பதிமூன்று வருஷக் கணக்கு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், மைலேஜ். ஒவ்வொன்றும் ஃபுல் டாங்க் டு ஃபுல் டாங்க். மைலேஜ் பார்க்க இதைத் தவிர யோக்கியமான வழி கிடையாது. 'ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடிச்சு' என்பதெல்லாம் டீக்கடைப் புள்ளிவிவரம். டாங்க்கை நிரப்ப வேண்டும். நாஸில் 'டக்' என்று தானாக நிற்கும் முதல் சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும். பங்க் பையன் ரூபாயை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் அமுக்க வருவான், விடக்கூடாது. அடுத்த தடவையும் முடிந்தால் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, மூன்று தடவை சராசரி பார்க்கணும். மாமா இதையெல்லாம் செய்திருந்தார். நான் ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிளாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான லெட்ஜர் பார்த்ததில்லை.

பி.காம். கடைசி வருஷத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 'வேரியன்ஸ் அனாலிசிஸ்' என்று ஒரு கண்டம். ஒரு பொருளுக்கு இவ்வளவு செலவாகணும் என்று திட்டம், இவ்வளவு ஆச்சு என்று நிஜம். நடுவில் உள்ள வித்தியாசத்தை யார் யார் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதுதான் அந்தப் பாடம். பரீட்சை முடிந்தபின் அது வாழ்க்கையில் பயன்பட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று ராத்திரி எனக்குப் பயன்பட்டது.

2010 முதல் 2018 வரை சராசரி 11.2. பிப்ரவரி 2019-ல் ஒரே வாரத்தில் 10.6 ஆக இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. 2021 கடைசியிலிருந்து மெதுவாகச் சரிந்து 2023-ல் 9.7. அப்புறம் சாவி என் கைக்கு வந்தது. அப்புறம் 8.1.

கணக்கு பேசும் என்பார்கள், இது கத்தியது. திடீரென்று ஒரே நாளில் விழுந்தால் அன்றைக்கு என்னவோ நடந்திருக்கிறது. மெதுவாகச் சரிந்தால் ஏதோ தேய்கிறது, அல்லது அடைக்கிறது. டிரைவர் மாறின தேதியில் விழுந்தால்... அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2019 பிப்ரவரி பக்கத்தில் மாமாவின் கையெழுத்தில் இரண்டு குறிப்பு இருந்தது. 'புது டயர் 4.' அதற்கு இரண்டு வரி கீழே, 'கால் கனம்? மெதுவா மிதிக்கணும்.' சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் தேய்மானம். பல்லாவரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். கம்ப்யூட்டரை மாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜாக்கியை எடுத்தார். வண்டியைத் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஒவ்வொரு வீலாகக் கையால் சுற்றினார். மூன்று சுற்றின. முன்பக்கம் இடது வீல் அரைச் சுற்று போய் 'க்ர்ர்' என்று நின்றது.

"பிரேக்கு புட்சிகினே கீது ஸார். நீங்க ஒரு பக்கம் ஆக்ஸிலேட்டர் குடுக்கறீங்க, அது ஒரு பக்கம் பிரேக்கு போடுது. வண்டி இன்னா பண்ணும்?"

காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பிரேக்கை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடுவதில்லை. வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி சொன்னார்: பிரேக் அதிகம் போடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீல் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கணும். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அடித்தால் அதுதான் திருடன். பக்கத்தில்தான் கொண்டுபோகணும், தொடக்கூடாது. நான் அடுத்த வாரம் ரிப்பேருக்குப் பின் செக் பண்ணுகிறேன் பேர்வழி என்று நாலையும் தொட்டுப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் போட்டு நிறுத்தின வண்டி. ஆள்காட்டி விரலில் இரண்டு நாள் பர்னால்.

அடுத்தது டெம்பரேச்சர் முள். என் வண்டியில் அது நடுக்கோட்டுக்கு வரவே வராது, கீழேயே சோம்பிக் கிடக்கும். இஞ்சின் ஜில்லென்று இருக்கிறதே, உடம்புக்கு நல்லது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். இஞ்சின் சூடாக வேண்டும். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் அதற்குச் சமநிலை. அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைப்பது தெர்மோஸ்டாட் என்கிற சின்ன வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இஞ்சின் எப்போதும் காலை ஐந்து மணி மூடிலேயே இருக்கும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், 'ஐயோ பாவம், இன்னும் குளிர் விடவில்லை' என்று டீசலைக் கூடுதலாக ஊட்டும். அதோடு போகாது. பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் முக்கியமான ஒரு வேலையை இஞ்சின் சூடாகும்வரை செய்யாது.

அந்த முக்கியமான வேலை என்ன என்று தெரிந்துகொண்டதுதான் எனக்கு இதில் கிடைத்த ஞானம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு ஸ்விட்சைப் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஆனால் அதே வேகத்தில் சுற்றாது, கொஞ்சம் பின்தங்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சுக்குப் பதிலாக இருப்பது ஏறத்தாழ இதுதான், காற்றுக்குப் பதில் ஆயில். டார்க் கன்வர்ட்டர் என்று பெயர். சிக்னலில் வண்டி நின்றாலும் இஞ்சின் நிற்காமல் இருப்பது அதன் புண்ணியம். அந்தப் பின்தங்கல் இருக்கிறதே, அது அத்தனையும் ஆயில் சூடாகி வீணாகப் போகும் டீசல். இதற்காகவே உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். வேகம் சீரானதும் அது இரண்டு ஃபேனையும் சேர்த்துக் கட்டிவிடும். பிறகு நழுவலே கிடையாது, மானுவல் வண்டி மாதிரிதான்.

அது கட்டிக்கொள்ளும் கணத்தை நீங்களே பார்க்கலாம். நல்ல ரோட்டில் 70-80-ல் போகும்போது காலைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்துங்கள். ஆர்.பி.எம். முள் ஓர் இருநூறு இறங்கும், இன்னொரு கியர் விழுந்த மாதிரி. அதுதான். அதற்கப்புறம் காலை அசைக்காதீர்கள். 'உம்' என்று ஓர் அழுத்து அழுத்தினால் கட்டை அவிழ்த்துவிடும். முன்னால் போகும் லாரியை விரட்டி, பிரேக் போட்டு, மறுபடி விரட்டி ஓட்டுகிறவனுக்கு அது கட்டிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பழுதான தெர்மோஸ்டாட்டோடு.

கியர்பாக்ஸ் ஆயிலை யாரும் மாற்றியதாக டைரியில் தகவல் இல்லை. கரும் காப்பி நிறத்தில் வந்தது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ரக ஆயில்தான் ஊற்றவேண்டும் என்று பாய் பிடிவாதமாக இருந்தார், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு மணி நேரம் அலைந்து வாங்கினோம். ஏர் ஃபில்டரிலிருந்து ஒரு செடி நடும் அளவுக்கு மண் வந்தது. அலைன்மெண்ட்டும் பார்த்தோம். பிரேக் வேலை 1,800, தெர்மோஸ்டாட் 2,600, ஆயில் 7,500, ஃபில்டர் 900, அலைன்மெண்ட் 1,200. ஆக மொத்தம் 14,000.

மூன்று டாங்க் பார்த்தேன். சராசரி 9.2.

ஒன்றுக்கு மேல் ஏறிவிட்டது! வீட்டில் பாயசம் கேட்டேன். மனைவி டைரியை வாங்கிப் பார்த்தாள். "அப்பா கடைசியா ஓட்டினப்போ, இந்த ரிப்பேரெல்லாம் இருக்கும்போதே ஒன்பதே முக்கால் வந்திருக்கே?" என்றாள். பாயசம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆகவே, டிரைவர் வேரியன்ஸ்.

முதல் குற்றம், மழை. மலையில் மழை பிடித்தால் நான் ஃபோர் வீலுக்கான குமிழைத் திருப்பிவிடுவேன். சரி. அவிநாசி தாண்டி, சேலம் தாண்டி, ரோடு காய்ந்த பிறகும் திருப்பாமல் வருவேன். காசு கொடுத்து வாங்கின வசதியைப் பயன்படுத்தாமல் விடலாமா என்கிற நடுத்தர வர்க்க நியாயம். இந்த மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் என்பது சேறுக்கும் மணலுக்கும் மட்டும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போகணும், பின்சக்கரம் குறைவாகப் போகணும். சேற்றில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு, டயரையும் டீசலையும் சேர்த்துத் தேய்க்கும். கியர்களுக்கும் கேடு.

இரண்டாவது, கூரை மேல் கேரியர். காரட் மூட்டைக்காக நான் போட்டது, வருஷத்தில் பன்னிரண்டு நாள் வேலை, மீதி நாளெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டு. கழற்றினேன்.

மூன்றாவது, வேகம். நான் 110-ல் போவேன் (போக்குவரத்துப் போலீஸ் வாசகர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்). காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 85-ல் ஒரு பங்கு தடுத்தால் 110-ல் ஒன்றே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் என் வண்டியின் மூக்கு, கோத்ரெஜ் பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி. மத்திய அரசு 1978-ல் ஆரம்பித்த பெட்ரோலியம் கன்சர்வேஷன் ரிசர்ச் அசோசியேஷன் 45 முதல் 55-க்குள் ஓட்டுங்கள் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறது. அவர்கள் சொல்வது சரி, ஆனால் அந்த வேகத்தில் நான் கோத்தகிரி போய்ச் சேர்ந்தால் செக்கப் தேதி அடுத்த மாதத்துக்குப் போய்விடும். 85 என்று ராஜி செய்துகொண்டேன். முதல் அரைமணி நேரம் கொடுமை. மாருதிகளெல்லாம் தாண்டிப் போகும். ஒரு டவுன் பஸ்கூட ஹாரன் அடித்தது. ஆனால் சென்னையிலிருந்து சேலம் போய்ச் சேர, டோல் கேட்டும் டீயும் போக, பழைய நேரத்தைவிட 35 நிமிஷம்தான் அதிகம் ஆயிற்று. கழுத்து வலி இல்லாமல் இறங்கினேன்.

மலை இறங்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் காய்ந்து கைவிடும். மிச்சமும் கிடையாது, அதுதான் வேடிக்கை. கியரில் இருந்து காலை எடுத்தால் இந்தக் காலத்து இஞ்சின் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடித்தே ஆகணும். லீவரை இரண்டில் போட்டு இறங்குங்கள். உயிரும் மிச்சம், டீசலும் மிச்சம்.

இத்தனைக்கும் அப்புறம் 10.4. தாம்பரத்துக்குள் மட்டும் ஓட்டினால் இன்றைக்கும் ஏழுதான், ஜி.எஸ்.டி. ரோட்டில் யாரும் எதையும் சாதிக்க முடியாது. ஆனால் ஊருக்குப் போய் வருகிற 1,200 கிலோமீட்டருக்கு 148 லிட்டர் என்பது 115 ஆயிற்று. மாதம் 3,000 ரூபாய். போட்ட 14,000 நாலரை மாதத்தில் திரும்பிவிடும். பாயசம் வந்தது.

10.4-க்கும் மாமாவிடம் சொன்ன 11-க்கும் நடுவே இன்னும் பாயிண்ட் ஆறு. அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகும்போது மனைவி போனில் மேப் போட்டிருந்தாள். அது 100 கிலோமீட்டர் என்று காட்டியபோது என் மீட்டர் தொண்ணூற்றாறரை காட்டியது. மறுபடி பார்த்தோம். மறுபடி அதே.

2019. 'புது டயர் 4.'

வண்டியை ஓரம் கட்டினேன். கதவோரத்தில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் சொன்ன அளவு 245/70, 16. டயரில் எழுதியிருந்தது 265/70, 16. கம்பீரமாக இருக்கும் என்று டயர் கடையில் தலையில் கட்டியிருக்கிறார்கள். கணக்குப் போட்டேன்: பழைய டயரின் விட்டம் 749 மில்லிமீட்டர், புதியது 777. ஒரு சுற்றுக்கு 3.7 சதவிகிதம் அதிக தூரம். மீட்டருக்கு அது தெரியாது, அது சுற்றைத்தான் எண்ணுகிறது. ஆக 2019-லிருந்து வண்டி நிஜத்தில் ஓடியதைவிடக் குறைவாகவே எழுதிவந்திருக்கிறது. என் 10.4 நிஜத்தில் 10.8. (நேர்மையான கணக்கப்பிள்ளை பழைய 8.1-ஐயும் 8.4 என்று திருத்திக்கொள்ளவேண்டும். திருத்தினேன். ஸ்பீடாமீட்டரும் குறைத்துத்தான் காட்டும். 85 என்று நான் நினைத்தது 88. போலீஸ் வாசகர்கள் திரும்பி வந்திருந்தால் மறுபடி மன்னிக்கவும்.)

2024 அக்டோபர் செக்கப். மழை. மண் ரோட்டில் ஃபோர் வீலில் ஏறி, தார் ரோடு வந்ததும் ஞாபகமாகக் குமிழைத் திருப்பினேன். பக்கத்து சீட்டில் மாமா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் பங்க்கில் நான் இறங்கி நாஸிலைக் காவல் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மாத்திரை தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மடியில் டைரி இல்லை. பில்கள். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை என்று வளர்ந்தவன் நான். ஒரு வருஷத்து டீசல் பில் அத்தனையும், ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் கிலோமீட்டர் எழுதி, கிளிப் போட்டு அங்கேயே வைத்திருந்தேன்.

இடது கையால் ஒவ்வொன்றாகத் திருப்பி, மனக்கணக்காகவே படித்தார். "எட்டு... எட்டு பத்து... ஏழு தொண்ணூறு..."

வண்டியை எடுத்தேன். பேச்சு வரவில்லை.

"பதினொண்ணு எந்த மாசமுங்க மாப்ளே?"

மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் எனக்கு டயர் கணக்கு வந்தது. 245, 265, விட்டம், 3.7 சதவிகிதம் என்று காரமடை வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "அதனாலே இப்ப நெஜத்திலே பத்து எண்பது மாமா. பதினொண்ணுக்குக் கிட்டத்தட்ட..."

அவர் என் பதினொன்றை எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

"அப்ப ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல கொறஞ்சதும் டயர்தானுங்களா?"

"ஆமா மாமா. பதினொண்ணு இருபதை ஒண்ணு புள்ளி பூஜ்யம் மூணு ஏழாலே வகுத்தா பத்து எண்பது. மிச்சம் பாயிண்ட் ரெண்டு, டயர் பெரிசு, வெயிட்டு ஜாஸ்தி. அவ்வளவுதான்."

வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.

"நான் என்ற காலுன்னு நெனச்சிட்டேனுங்க" என்றார். "வயசாயிருச்சு, மிதி தெரியலைன்னு. எத்தனை மெதுவா மிதிச்சும் ஏறவே இல்லீங்க. அந்த வருசமே ஓட்டறத உட்டுரலாம்னு உங்க அத்தைகிட்டகூடச் சொன்னேன்."

"உங்க கால் இல்லே மாமா. டயர்."

தலையாட்டினார். பில்களைக் கிளிப்பில் மாட்டி உள்ளே வைத்துவிட்டு, டைரியை எடுத்தார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டார். 2019 பிப்ரவரியைத் தேடி எடுத்து மடியில் விரித்து, பேனாவை இடது கையில் பிடித்தார்.

"மூணே முக்காலுங்களா, மூணு ஏழுங்களா?"

"மூணு ஏழு மாமா."

பழைய எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதிசு. ஒன்றாம் கிளாஸ் பையன் எழுத்து மாதிரி கோணல். அடுத்த வரி. அடுத்தது. குலுங்காமல் இருக்கணுமே என்று நான் அறுபதிலேயே வந்தேன். துடியலூர் தாண்டும்போது அவர் 2021 மார்ச்சில் இருந்தார்.